ஏழரை மணி மாத்திரை

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது, மேடம். என் கடையில் இருக்கும் பேனாக்கள் எல்லாம் மருந்துக் கம்பெனிக்காரர்கள் சும்மா கொடுத்துவிட்டுப் போனவை. மேலே மருந்தின் பெயர் பளபளவென்று இருக்கும், உள்ளே மை இருக்காது. "நடந்ததை உங்க கையாலயே எழுதுங்க, அவசரம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். எனக்கும் அவசரம் இல்லை. இந்த நாலு தாள் போதாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

வாக்குமூலம் கொடுப்பதில் எனக்குக் கை பழகியிருக்கிறது. குடியை விட்டவர்களின் கூட்டத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். அங்கே எங்களுக்கு வேறு வேலையே கிடையாது. வாரம் இரண்டு முறை யாராவது ஒருவர் எழுந்து நின்று, மனைவியின் கையை முறித்ததையோ, மாமனாரின் பிணத்துக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துத் தூங்கியதையோ சொல்வார். சொல்லி முடித்ததும் எல்லோரும் கை தட்டுவோம். செய்த தப்பைச் சொன்னதற்குக் கைதட்டல் கிடைக்கும் இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். நீங்கள் தட்டப் போவதில்லை என்று தெரியும். பரவாயில்லை.

கூட்டம் நடப்பது ஒரு டிரைவிங் ஸ்கூலின் வகுப்பறையில். குடிகாரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை யாரும் தேடிப் பிடிக்க முடியாது. சுவர் முழுக்கப் போக்குவரத்துப் பலகைகள்: நில், முந்தாதே, வழுக்கும் பாதை. கடவுளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என் கண் 'முன்னே வழி இல்லை' என்ற பலகையில் போய் நிற்கும். எதிரில் ஒரு கரும்பலகை. உள்ளே வருகிறவர்கள் தாங்கள் குடிக்காமல் இருந்த நாட்களின் எண்ணிக்கையைத் தங்கள் கையாலேயே அதில் எழுத வேண்டும். பெரிய எண் மேலே, சின்ன எண் கீழே. ஒரு மடக்குக் குடித்துவிட்டால் அழித்துவிட்டு அடியில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் எண் மூவாயிரத்து முன்னூறைத் தாண்டியிருந்தது. எனக்கு மேலே இருந்தது ஒரே ஒருவர், கூட்டத்தை ஆரம்பித்த தபால்காரர். குடித்த காலத்தில் ஒரு மழைக்காலத்துக் கடிதங்கள் மொத்தத்தையும் பாலத்துக்கு அடியில் கொட்டிவிட்டுக் குடிக்கப் போனவர். யார் யாருடைய கல்யாணம் நின்றதோ. இப்போது எங்களுக்கெல்லாம் நல்ல வழி காட்டுகிறார்.

என்னை அங்கே 'சீனியர்' என்று கூப்பிடுவார்கள். நானும் குறைந்தவன் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசையில் மூன்றாவது ஷட்டர் என் மருந்துக் கடை. இருபத்தெட்டு வயதிலிருந்து நாற்பத்தொன்று வரை குடித்தேன். கிடைக்காத நாளில் கடையில் இருந்த இருமல் மருந்தைக் குடித்தேன். என் கடையில் வாங்கியவர்களுக்கு இருமல் நின்றதோ இல்லையோ, எனக்கு ஒருநாளும் இருமல் வந்ததில்லை. கட்டியவள் இரண்டு வருடம் பொறுத்துவிட்டுப் போனாள். அக்காதான் போகவில்லை. ஒரு நாள் என்னைச் சரக்கு வண்டியில் படுக்கவைத்து, பெரிய ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அங்கே ஒரு டாக்டர் இருபத்திரண்டு நாள் என்னைப் பார்த்தார். கிளம்பும்போது சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார்: "குடி உங்க நோய் இல்லை. நோய்க்கு நீங்களே எழுதிக்கிட்ட மருந்து அது. உங்க மனசு ஒரு மாசம் மொட்டை மாடியில நிக்குது, ஒரு மாசம் கிணத்துக்குள்ள கிடக்குது. அதை நடுவுல நிறுத்தறதுக்கு மாத்திரை இருக்கு. ரொம்ப நாள் போடணும்." காலையில் இரண்டு, சாப்பிட்ட பிறகு. எனக்கு அவமானமாக இருந்தது. நான் மாத்திரை விற்பவன். விற்பவனுக்கு வாங்குகிற வரிசையில் நிற்பது ஒத்துவராது. வாசலுக்கு வருவதற்குள் சீட்டைக் கிழித்துவிட்டேன்.

அதன் பிறகுதான் தபால்காரர். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "பாட்டில்ல சாய்ஞ்சவன் இப்போ மாத்திரை அட்டையில சாயப் போறியா? ரெண்டும் சாயறதுதான். மேல இருக்கறவர் மேல சாய்ஞ்சுக்கோ." சாய்ந்தேன். ஒன்பது வருடம் சாய்ந்தேன். அவர் நகர்ந்துகொள்ளவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். எனக்குத்தான் முதுகு வலித்துக்கொண்டே இருந்தது.

ஒன்பது வருடத்தில் ஒரு சொட்டுத் தொடவில்லை. ஒன்பது வருடத்தில் ஒரு நாள் கூட மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவும் இல்லை. இருமல் மிட்டாயில் ஆரஞ்சு இருக்கிறதா என்று கேட்டவர் மேல் கோபம் வந்து கவுன்ட்டர் கண்ணாடியை உடைத்திருக்கிறேன். சில மாதங்கள் குளிக்கப் போவதற்கே மலை ஏறுகிற மாதிரி இருக்கும். அக்கா ஒரு தடவை சொன்னாள், "நீ குடிச்சப்போ சாயங்காலம் மட்டும்தான்டா உன்னைப் பார்த்துப் பயம். இப்போ காலையிலேர்ந்தே பயமா இருக்கு." நான் அவளுக்காகவும் பிரார்த்தனை செய்தேன்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த எண்ணுக்கு நான் என்ன கொடுத்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மற்றவர்கள் அதைக் கரும்பலகையில் ஒரு எண்ணாகப் பார்த்தார்கள். என்னிடம் வேறு எதுவும் இல்லை, மேடம். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, தூக்கம் இல்லை. கஷ்டப்பட்டேன் என்ற ஒன்றுதான் இருந்தது.

லிஃப்ட்காரர் வந்தது இந்த வருடம்தான். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மெக்கானிக். நாற்பது வயது, ஒல்லி, நகக்கண்ணில் கிரீஸ். எந்த அறைக்குள் வந்தாலும் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். அதே வார்டிலிருந்து, அதே டாக்டர் கையிலிருந்து வந்தார். கூடவே அவர் மனைவி. திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. பேசும்போதும் விரல்கள் எதையோ மடித்துக்கொண்டே இருக்கும்.

எங்கள் கூட்டத்தில் 'கைக்காவல்' என்று ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவர் முதல் நூறு நாளைக்குத் தனக்கு ஆபத்தான எதையும் தன் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரு பழைய ஆளிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒருவர் செல்போனைக் கொடுப்பார், ஒருவர் பைக் சாவியை. ஒரு சமையல்காரர் தன் மைத்துனனையே கொடுக்க வந்தார், சேர்ந்து குடிக்கிற ஆள் அவன்தானாம். லிஃப்ட்காரர் கொடுத்தது அவருடைய மாத்திரைகளை. போன வருடம் மனசு கிணற்றில் கிடந்த ஒரு நாளில் கைக்குக் கிடைத்த மாத்திரைகளை மொத்தமாக விழுங்கியவர் அவர். வீட்டில் வைக்க அந்தம்மாவுக்குப் பயம். "நீங்க மருந்துக் கடையும் வச்சிருக்கீங்க, இவருக்குப் பெரியவராவும் இருக்கீங்க. உங்க கையில இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேண்ணா" என்றார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது போல என்று இப்போது நீங்கள் நினைப்பீர்கள். அன்றைக்கு யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. பூனைக்கே தோன்றவில்லை.

சீட்டை வாங்கிப் பிரித்தேன். அதே கையெழுத்து, அதே மாத்திரை, அதே அளவு. காலையில் இரண்டு, சாப்பிட்ட பிறகு. மூன்று மாதம் கழித்து வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்று அடியில் எழுதியிருந்தது. ஒன்பது வருடம் கழித்து, நான் கிழித்த காகிதம் வேறொருவர் பெயரில் முழுசாக என் கைக்கு வந்திருந்தது.

தினமும் காலை ஏழரைக்கு அவர் கடைக்கு வருவார். மாத்திரைகளை அட்டையிலிருந்து எடுத்து, கிழமை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வாரத்துக்கு ஒருமுறை நான் நிரப்பி வைத்திருப்பேன். இரண்டை எடுத்து உள்ளங்கையில் வைப்பேன். தண்ணீர் ஊற்றி விழுங்குவார். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவார். நான் காட்டச் சொன்னதில்லை. வார்டில் பழகியது போல. அதன் பிறகு அரை நிமிடம் இருவரும் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்வோம். மாத்திரை வாங்க வந்தவர்கள் பொறுமையாக நிற்பார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கும் கடையில் பிரார்த்தனையை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

முதல் ஒரு மாதம் கை நடுங்கும், பேச்சு குழறும். பிறகு மனிதர் தேறினார். அதுதான் பிரச்சினையே. முகத்தில் சதை பிடித்தது. ஏழு மணி நேரம் தூங்குகிறேன் என்றார், நான் கேட்காமலேயே. ஒரு நாள் காலையில் வந்து, "நேத்து ராத்திரி நானும் அவளும் ஒண்ணுமில்லாத விஷயத்துக்குச் சிரிச்சோம்ணா, வயிறு வலிக்கற வரைக்கும்" என்றார். மகிழ்ச்சியாகக் கேட்டுக்கொண்டேன். அப்படிக் கேட்டுக்கொள்வதும் எங்கள் கூட்டத்தில் பயிற்சிதான்.

அறுபதாவது நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அறுபது முடித்தவர் எழுந்து பேச வேண்டும். இருபத்தைந்து பேர் இருந்தோம். தன்னைக் காப்பாற்றியது மூன்று என்றார்: இந்தக் கூட்டம், தன் மனைவி, டாக்டரின் மாத்திரை. மூன்றாவதைச் சொன்னதும் அறையில் ஒரு நெளிவு ஓடியது. தபால்காரர் தொண்டையைச் செருமினார். லிஃப்ட்காரருக்கு அதெல்லாம் புரியவில்லை. நேரே என்னைப் பார்த்தார். கண்ணில் அவ்வளவு அன்பு. பொய் சொல்ல மாட்டேன், உண்மையான அன்புதான்.

"அண்ணா, நீங்களும் ஒரு தடவை அந்த டாக்டரைப் பாருங்களேன். நீங்க தூங்கறதே இல்லைன்னு அக்கா சொன்னாங்க. ஒன்பது வருஷமா இப்படிக் கஷ்டப்படணும்னு யாருண்ணா சொன்னது?"

யாரோ ஒருவர் சிரித்தார். ஒருவர்தான், அதுவும் நல்ல மனதோடுதான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்று முழுக்க அந்தக் கேள்வி என் பல்லிடுக்கில் சிக்கிக்கொண்டது. யார் சொன்னது? பதில் எனக்குத் தெரியும், அதனால்தான் எரிந்தது. இரண்டு மாத்திரை அறுபது நாளில் ஒருவனைச் சிரிக்கவைக்கும் என்றால், என் ஒன்பது வருடத்துக்கு என்ன பெயர்? தாழ்ப்பாள் போடாத வீட்டின் வாசலில் ஒன்பது வருடம் மழையில் நின்றவனுக்கு என்ன பெயர் சொல்வீர்கள், மேடம்? தியாகி என்று சொல்ல மாட்டீர்கள், முட்டாள் என்றுதான் சொல்வீர்கள். அந்தப் பெயர் எனக்கு வேண்டாம் என்றுதான் எல்லாம்.

அறுபத்தோராவது நாளிலிருந்து அவருக்குக் கால்சியம் கொடுத்தேன்.

இதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. அதே வெள்ளை, அதே வட்டம், நடுவில் அதே கோடு. அட்டையில் இருந்தால் கண்டுபிடித்திருப்பார், டப்பாவில் இருந்தால் கடவுளுக்கே வித்தியாசம் தெரியாது. அதில் தீங்கும் இல்லை. எலும்புக்கு நல்லது. நான் இதை ஒரு சோதனை என்றுதான் நினைத்தேன். மாத்திரை இல்லாமலும் மனிதர் நன்றாக இருந்தால், அவரைத் தேற்றியது பிரார்த்தனைதான் என்று ஆகும். நூறாவது நாளில் எல்லோர் முன்னாலும் டப்பாவைத் திறந்து காட்டி, "நாற்பது நாளாக நீங்கள் சாப்பிட்டது வெறும் சுண்ணாம்பு" என்று சொல்லலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது. அவரே என்னைக் கட்டிப்பிடித்து அழுவார் என்று கூட நினைத்தேன். நன்றாக இல்லாமல் போனால், திரும்பக் குடிப்பார். பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பார். எல்லோரும் அப்படி ஒரு தடவையாவது விழுந்து எழுந்தவர்கள்தானே.

விழுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். மனிதர் பறந்தார்.

முதலில் ஏழு மணிக்கே வர ஆரம்பித்தார். பிறகு நான் ஷட்டர் தூக்கும்போதே வாசலில் நிற்பார். கண்ணில் ஒரு பளபளப்பு. தூக்கம் தேவைப்படவில்லை என்றார். லிஃப்ட் கயிறு, கடவுள், தன் அப்பா, எதிர்வீட்டுக் கொய்யா மரம் எல்லாம் ஒரே விஷயம் என்று தனக்குத் தெரிந்துவிட்டதாகச் சொன்னார். புதன்கிழமைக் கூட்டத்தில் எழுந்தால் உட்காரமாட்டார். பேசினால் கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். வெறுமனே டிரைவிங் கற்க வந்த ஒரு குடிகாரர், வாசலில் நின்று அவர் பேச்சைக் கேட்டுவிட்டு எங்கள் கூட்டத்தில் சேர்ந்தார். லிஃப்ட்காரர் தன் ஸ்பேனர் பெட்டியை ஒரு பிளம்பருக்குக் கொடுத்துவிட்டார். ஒரு முதியோர் இல்லத்தின் லிஃப்டை மூன்று நாள் வீட்டுக்கே போகாமல் சரி செய்தார்.

தபால்காரர் கண் கலங்கிச் சொன்னார், "முப்பது வருஷத்துல இப்படி ஒரு விழிப்பை நான் பார்த்ததில்லை." கரும்பலகையில் எழுபது என்பதை லிஃப்ட்காரர் என் மூவாயிரத்தைவிடப் பெரிதாக எழுதினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. ஞானம் வந்தவரிடம் எழுத்தின் அளவைப் பற்றியா பேசுவது? நான் ஒருவரைக் கீழே தள்ளப் போய், அவரை ஞானியாக்கிவிட்டேன். என் ராசி அப்படி.

அது என்ன என்று எனக்குத் தெரியாது என்று நீங்கள் நினைக்க வேண்டாம். இந்த இடத்தில் பொய் சொன்னால் எழுதியதெல்லாம் வீண். மாத்திரை நின்ற ஒன்பதாவது நாளே தெரிந்துவிட்டது. நான் படித்தது மருந்தியல். அதைவிட முக்கியமாக, அந்த மொட்டை மாடியில் நானும் நின்றிருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் ஊர் எவ்வளவு அழகாக இருக்கும், கைப்பிடிச் சுவர் இருப்பதே எப்படிக் கண்ணுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். டப்பாவில் மாத்திரையை மாற்ற அரை நிமிடம் போதும். ஒவ்வொரு காலையும் அந்த அரை நிமிடம் எனக்குக் கிடைத்தது. அதில்தான் நாங்கள் பிரார்த்தனை செய்தோம்.

எண்பத்தேழாவது நாள் அவர் மனைவி கடைக்குத் தனியாக வந்தார். கவுன்ட்டரில் கிடந்த ரசீதை எடுத்து நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே பேசினார். "அவர் தூங்கி ஆறு நாள் ஆச்சுண்ணா. நல்லாத்தான் பேசறார், ஆனா எனக்கு என்னமோ பயமா இருக்கு. மாத்திரை ஒழுங்காப் போடறாரா?"

"என் கண்ணு முன்னாடிதாம்மா போடறார். ஒரு நாள் தவறினதில்லை" என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. வேண்டுமானால் திரும்பப் படித்துப் பாருங்கள்.

"டாக்டர்கிட்ட ரத்தம் குடுக்கற நாளும் வந்துடுச்சு. கூட்டிட்டுப் போகட்டுமா?"

விழிப்பு வந்த புதிதில் இப்படித்தான் இருக்கும் என்றேன். இப்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் வார்டில் போட்டுவிடுவார்கள், மனிதர் மனசு ஒடிந்துவிடுவார், இன்னும் பதின்மூன்று நாள்தான், நூறை முடித்துவிட்டுப் போகலாம் என்றேன். அவருக்கு நிம்மதியாகிவிட்டது. மடித்த ரசீதைப் பிரித்து, கையால் நீவி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். போகும்போது, "உங்களை மாதிரி ஒருத்தர் கிடைச்சது எங்க அதிர்ஷ்டம்ணா" என்றார். எனக்கு வருத்தமாக இருந்தது. உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அன்று அவருக்காகத் தனியாக ஒரு பிரார்த்தனை செய்தேன்.

தொண்ணூற்றெட்டாவது நாள் காலையும் ஏழரைக்கு வந்தார். விழுங்கினார், நாக்கைக் காட்டினார், கண்ணை மூடினோம். கிளம்பும்போது என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார், நான் ஏதோ சின்னப் பையன் மாதிரி. பதினோரு மணிக்கு ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் நின்று வேலை செய்திருக்கிறார். இடுப்பு பெல்ட் மேல் மாடியில் கிடந்திருக்கிறது. பெல்ட்டைப் போடச் சொல்லிக் கத்தியதாகக் காவலாளி சொன்னார். "பிடிக்கறவர் பிடிப்பார்" என்று சிரித்துக்கொண்டே பெட்டியின் விளிம்பிலிருந்து எதிர்ச்சுவருக்குக் காலை எட்டிப் போட்டாராம். உங்கள் ஆட்கள் எடுத்த அளவுப்படி இடைவெளி இரண்டடி. ஆழம் ஆறு மாடி.

ரத்தத்தில் மது இல்லை என்று தெரிந்ததும் எங்கள் ஆட்களுக்கு இருந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "குடிக்காம போய்ச் சேர்ந்தார்" என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கரும்பலகையில் அவருக்காகத் தொண்ணூற்றெட்டு என்று எழுதி, அதை யாரும் அழிக்கக் கூடாது என்று முடிவானது. இரங்கல் கூட்டத்தில் நான்தான் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றார்கள். அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லோரும் கை தட்டியபோது அவரும் தட்டினார்.

அந்த ரத்தத்தில் மது இல்லை என்று எல்லோரும் பார்த்தார்கள். மாத்திரையும் இல்லை என்று பார்த்தவர் அந்த டாக்டர் ஒருவர்தான். தினமும் விழுங்கியவர் ரத்தத்தில் அது எங்கே என்று கேட்டிருக்கிறார். நீங்கள் கடைக்கு வந்து டப்பாவைக் கேட்டீர்கள். எடுத்துக் கொடுத்தேன். ஒளிக்க நினைக்கவில்லை. ஞாயிறு வரைக்கும் நிரப்பியிருந்தது.

நேற்று நீங்கள் 'கொலை' என்ற சொல்லைச் சொன்னீர்கள். நான் அவரைத் தள்ளவில்லை, ஆறு தெரு தள்ளி என் கடையில் உட்கார்ந்து ஒரு குழந்தைக்குச் சளி மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று நேற்று சொன்னேன். ராத்திரி யோசித்துப் பார்த்ததில் அந்த வாதம் எனக்கே பிடிக்கவில்லை. வேண்டாம், உங்கள் சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை மாற்றியது நான். என்ன ஆகும் என்று தெரிந்த பிறகும் இருபத்தொன்பது நாள் மாற்றிக்கொண்டே இருந்தது நான். கேட்க வந்த மனைவியைத் திருப்பி அனுப்பியது நான். லிஃப்ட்காரரைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

நீங்கள் கேட்டதில் ஒன்றுதான் பாக்கி. அவருக்குக் கொடுக்காத நிஜ மாத்திரைகள் எங்கே போயின என்று கேட்டீர்கள். முப்பத்தெட்டு நாள், நாளைக்கு இரண்டு, எழுபத்தாறு. தூக்கிப் போட்டேனா, விற்றேனா என்று கேட்டீர்கள். மருந்தை வீணாக்குவது என் தொழிலுக்குப் பாவம். நான் சாப்பிட்டேன்.

அவர் கிளம்பிப் போனதும் காலையில் இரண்டு. முதல் நாள் ஏன் வாயில் போட்டேன் என்று தெரியவில்லை, கையில் இருந்தது, போட்டேன். மூன்றாவது வாரத்திலிருந்து ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம் தூங்கினேன். யார் மேலும் கோபம் வரவில்லை. அவர் மனைவியிடம் அவ்வளவு நிதானமாகப் பேச முடிந்ததும் அதனால்தான் இருக்கும். ஒரு நாள் அக்கா சோறு போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "என் தம்பி திரும்ப வந்துட்டான்டா" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் அழுதாள்.

நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், அது மாத்திரையால் வந்ததில்லை. ஒன்பது வருடப் பிரார்த்தனை பலிக்கிற நேரமும் அதுவும் ஒன்றாக வந்தன, அவ்வளவுதான். அவருடையவை தீர்ந்ததும் கடையிலிருந்து எடுத்துக்கொண்டேன்; என் சட்டைப் பையிலிருந்து நீங்கள் எடுத்துவைத்த அட்டையில் இன்னும் எட்டு இருக்கிறது. காலையில் டீயோடு அதில் இரண்டைக் கொடுக்கச் சொல்லுங்கள். கட்டாயம் இல்லை. நான் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவேன்.